கூட்டல் குறி வரிகள்

ரெஸ்ட் ரூம் கதவு திறக்க நேரமாகிறது என்று முதலில் வந்து சொன்னவள் தஸ்லிம்.

"பிரவீனா, கார்ட தேச்சுட்டு நிக்கறோம்மா. பச்ச லைட்டு எரியவே மாட்டேங்குது. அவசரத்துக்கு வர்றவ எவ்ளோ நேரம் நிப்பா? பின்னாடி ஒரே லைனு. திரும்பிப் போனா ஏன் லேட்டுன்னு சூப்பர்வைசர் கத்தறாரு."

ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லைக்குப் போகிற சாலையில் இருந்தது அந்தக் கம்பெனி. சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பாகங்களைப் பொருத்தும் வேலை. லைனில் உட்கார்ந்திருந்தவர்கள் முக்கால்வாசியும் பெண்கள். தஸ்லிம் ஒரு லைனுக்கு லீடர். பிரவீனா கம்ப்யூட்டர் பிரிவு. சர்வர், வருகைப் பதிவு, கதவுகளில் கார்டு தேய்க்கிற ரீடர் எல்லாம் அவள் பொறுப்பு.

ரெஸ்ட் ரூம் வாசலில் ரீடர் மாட்டியதே அவளுக்குப் பிடிக்கவில்லை. மாட்டியபோது எச்.ஆர். மேனேஜர் நாராயணப்பனிடம் கேட்டாள். "தீ புடிச்சா உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியணும்மா. எல்லாம் உங்க பாதுகாப்புக்கோசரந்தான்" என்றார். சரி என்று விட்டுவிட்டாள்.

கதவுகளை இயக்குகிற சாஃப்ட்வேரைச் செய்து கொடுத்தது ஒரு பெங்களூர்க் கம்பெனி. இரண்டு மாதத்துக்கு முன்னால் அதன் புது வெர்ஷனை ஏற்றியதிலிருந்து தாமதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்தது. புது வெர்ஷனோடு வந்த குறிப்பில் இருந்தது ஒரே ஒரு வரி: 'சிறு திருத்தங்கள், வேக மேம்பாடு.' வேகம் கூடுவதற்குப் பதிலாகக் கதவு நின்று யோசித்தது. அந்தக் கம்பெனி இன்ஜினியர் ஹரீஷ்குமாருக்கு போன் செய்தாள்.

"உங்க நெட்வொர்க் ஸ்லோவா இருக்கும் மேடம். செக் பண்ணுங்க."

செக் பண்ணினாள். நெட்வொர்க்கில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் புதிதாக எதையோ நுழைத்திருக்கிறார்கள். என்ன என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

பழைய வெர்ஷனை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். இரண்டையும் பிரித்து 'பழசு', 'புதுசு' என்று இரண்டு ஃபோல்டரில் போட்டாள். கருப்புத் திரையைத் திறந்து, டிஃப் என்ற கட்டளையை அடித்து, பக்கத்தில் இரண்டு ஃபோல்டரின் பெயரையும் கொடுத்தாள். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எங்கெங்கே வித்தியாசம் என்று அது காட்டிவிடும். எடுத்துவிட்ட வரிக்கு முன்னால் கழித்தல் குறி, புதிதாகச் சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி.

திரை கடகடவென்று ஓடி நின்றது. மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் வருஷத்தை மாற்றியிருந்தார்கள். ஒரு பட்டனின் நீலத்தைப் பச்சையாக்கியிருந்தார்கள். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தியிருந்தார்கள். இதற்கெல்லாம் கதவு நிற்காது.

கடைசியில் ஒரு வரி. 'புதுசு' ஃபோல்டரில் மட்டும் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் 'வெல்ஃபேர்' என்று சொன்னது. உள்ளே ஒரே ஒரு ஃபைல். பழையதில் அது கிடையாது என்பதால் முழுக்க முழுக்கக் கூட்டல் குறி. எழுதியவன் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு பத்திக்கும் மேலே, இது எதற்கு என்று எளிய ஆங்கிலத்தில் விளக்கமே எழுதியிருந்தான்.

பாதி படித்ததும் பிரவீனா டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

ஒரு பெண் கார்டைத் தேய்த்ததும், அவள் இதுவரை எத்தனை முறை உள்ளே போனாள், எவ்வளவு நேரம் இருந்தாள் என்ற முழுக் கணக்கையும் அந்த ஃபைல் எடுத்தது. அதனால்தான் தாமதம். மாதத்தில் எந்தச் சில நாட்களில் போக்குவரத்து கூடுகிறது என்று பார்த்தது. கூடுகிற நாட்கள் அவளுடைய மாதவிலக்கு நாட்கள் என்று எடுத்துக்கொண்டது. அடுத்தது எப்போது வரும் என்று தேதி குறித்தது. அந்தத் தேதி தாண்டி, இன்னும் தாண்டி, போக்குவரத்து கூடவில்லையென்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து இரண்டு இடத்துக்கு மெயில் அனுப்பியது. ஒன்று எச்.ஆர். ஆபீஸ். இன்னொன்று வெளியூர்ப் பெண்கள் தங்கியிருந்த கம்பெனி ஹாஸ்டல்.

ஹாஸ்டல் முகவரியைப் பார்த்ததும் அவளுக்கு வினோதா ஞாபகம் வந்தாள்.

வினோதா அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்க்காரி. கல்யாணமாகாத பெண். தஸ்லிம் லைனில் வேலை. சில வாரங்களுக்கு முன்னால் ஹாஸ்டல் வார்டன் அவளைக் கூப்பிட்டு, மற்ற பெண்கள் பார்க்க, கையில் கர்ப்பமா என்று பார்க்கிற டெஸ்ட் பட்டை ஒன்றைக் கொடுத்தாள். பாத்ரூம் கதவைச் சாத்த விடாமல் வாசலிலேயே நின்றாள். பட்டையில் இல்லை என்றுதான் வந்தது. இருந்தாலும், "ஊருக்குப் போயி டாக்டர் சீட்டு வாங்கிட்டு வா" என்று அன்றைக்கே பையைக் கட்ட வைத்துவிட்டாள். அவள் திரும்பி வரவில்லை. வார்டனுக்கு எப்படி இந்தச் சந்தேகம் வந்தது என்று லைனில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கூடத் தங்கியிருந்தவள் எவளோ போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டி, பாவம், ஒருத்தியோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஃபைல் போட்டு வைத்திருந்த அட்டவணையைப் பிரவீனா திறந்தாள். வினோதா பெயர், சிவப்புப் புள்ளி. கீழே நகர்த்தினாள். தஸ்லிம் பெயர். அதற்கும் கீழே அவளுடைய பெயர். அவளும் அதே கதவில்தான் கார்டு தேய்க்கிறாள். பிரவீனா, ஒழுங்கு, அடுத்தது வியாழக்கிழமை.

கணக்கு சரிதான். அவள் காலண்டரிலும் வியாழக்கிழமைதான்.

முதுகில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது. தினமும் வணக்கம் சொல்லிக் கடந்து போகிற ஆண்கள் எத்தனை பேர் இதைத் திறந்து பார்த்திருப்பார்கள்? எழுந்து போய் முகம் கழுவலாம் என்று நினைத்தாள். அதற்கும் அந்தக் கதவில்தான் கார்டு தேய்க்க வேண்டும். உட்கார்ந்துவிட்டாள்.

கதவைப் பார்க்க மத்தியானம் ஹரீஷ்குமார் நேரிலேயே வந்தான். பிரவீனா திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இது என்னங்க?"

"ஓ, அதுவா மேடம்? அது ஒரு ஃபீச்சர். உங்க கம்பெனிதான் கேட்டுச்சு. கஸ்டமர் கேட்டா செஞ்சு குடுக்கறோம்."

"எழுதுனது யாரு?"

"டீம் மேடம்."

"டீம்ல யாரு?"

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். பாராட்டப் போகிறாள் என்று நினைத்துவிட்டான் போல. "நாந்தான் மேடம். நல்லா ஒர்க் ஆகுது. உங்க பழைய டேட்டா வச்சுத்தான் டெஸ்ட் பண்ணோம். ரிசல்ட் பாத்துட்டு எங்க மேனேஜரே கை குடுத்தாரு."

"எனக்கு வியாழக்கிழமைன்னு போட்டிருக்கு. பாத்தியா?"

மரியாதை போய்விட்டதை அவனும் கவனித்தான். திரையைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்தான். "நாங்க பேரெல்லாம் பாக்க மாட்டோம் மேடம். நம்பர் மட்டுந்தான்."

"நம்பருக்குப் பக்கத்துலயே பேரு இருக்குதே. உங்க வீட்ல அக்கா தங்கச்சி இருந்தா அவங்களுக்கும் இத மாட்டுவியா?"

"பர்சனலா எடுத்துக்காதீங்க மேடம். கதவு ஸ்லோன்னா, கணக்கு போடறத ராத்திரிக்கு மாத்திடறேன். அப்ப உங்களுக்குப் பிரச்சனை இருக்காது."

அவள் அவனை அங்கேயே விட்டுவிட்டு நாராயணப்பன் அறைக்குப் போனாள். அவர் கொய்யாப்பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே போனில் யாரிடமோ, "ஆய்த்து சார், மாட்தீனி" என்று கன்னடத்தில் எதற்கோ சரி சொல்லிக்கொண்டிருந்தார். வைத்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆமா, தெரியும். அதுல என்னாம்மா தப்பு? வயசுப் பொண்ணுங்கள நம்பி அனுப்பறாங்க பெத்தவங்க. நாளைக்கு ஒண்ணுன்னா அவங்களுக்கு பதில் யாரு சொல்றது?"

"வினோதாவுக்கு ஒண்ணுமே இல்லைன்னு ஆச்சே சார்."

"இல்லைன்னா சந்தோஷந்தானே?" பல்லிடுக்கில் மாட்டிய விதையை நாக்கால் துழாவி எடுத்துத் தட்டின் ஓரத்தில் துப்பினார். "அப்புறம், கல்யாணமானவங்க ஆறு மாசம் லீவுல போயிடறாங்க. முன்கூட்டியே தெரிஞ்சா காண்ட்ராக்ட நீட்டிக்காம விட்டுடலாமில்ல? நீ ஆபீஸ் ஸ்டாஃப். உனக்கு எதுக்கு இது? பழம் எடுத்துக்கோ."

தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். விதை ஒட்டிய அந்த ஓரம் அவளுக்கு நேராக வந்து நின்றது. பழத்தைத் தொடாமல் வெளியே வந்தாள்.

கேண்டீனில் தஸ்லிமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தஸ்லிம் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய்க் குழாயில் கை கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினாள்.

"அல்லா! இத்தன நாளா இந்தக் கையாலதானே தேச்சேன்? எங்க வீட்டுக்காரருக்கே நானாச் சொன்னாத்தான் தெரியும். இவனுங்க உக்காந்து தேதி குறிக்கறானுங்களா?"

அடுத்த ஷிஃப்டில் பெண்கள் யாரும் கார்டு தேய்க்கவில்லை. உதிரிபாகம் வருகிற பிளாஸ்டிக் கிரேட்டை ரெஸ்ட் ரூம் கதவுக்கு முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்தார்கள். கதவு மூடவில்லையென்றால் அலாரம் அடிக்கும். அடித்தது. சூப்பர்வைசர் கிரேட்டை எடுக்க வந்தபோது, "பொம்பளைங்க பாத்ரூம் வாசல்ல உனக்கு என்னா வேல?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் திரும்பிப் போய்விட்டார். ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. பாத்ரூம் போய்விட்டு வந்தவர்கள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

மறுநாள் ரீடரை அணைத்து, 'பராமரிப்புப் பணி' என்று ஒரு தாளை ஒட்டினார்கள். அந்த வாரமே பெங்களூரிலிருந்து அடுத்த வெர்ஷன் வந்தது. குறிப்பில் அதே வார்த்தை: 'சிறு திருத்தங்கள்.' வெல்ஃபேரை எடுத்தாகிவிட்டது, ஏற்றிவிட்டு ரீடரைப் போடச் சொல்லுங்கள் என்று ஹரீஷ்குமார் போன் செய்தான்.

பிரவீனா மறுபடி ஒப்பிட்டாள். வெல்ஃபேர் ஃபோல்டர் உண்மையிலேயே இல்லை. ஆனால் 'சப்போர்ட்' என்று புதிதாக ஒன்று இருந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபைல். பழைய வெல்ஃபேர் ஃபைலையும் இந்த சப்போர்ட் ஃபைலையும் டிஃப்புக்குக் கொடுத்தாள். இரண்டும் ஒன்றேயென்றால் டிஃப் எதுவும் சொல்லாது. வெறுமனே அடுத்த வரிக்குப் போய் நிற்கும்.

அடுத்த வரிக்குப் போய் நின்றது.

ஒரு கூட்டல் இல்லை, ஒரு கழித்தல் இல்லை. கட்டளையைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று திரும்ப அடித்தாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். உள்ளே எழுத்து ஒன்றைக்கூட மாற்ற அவர்கள் மெனக்கெடவில்லை. எவள் பார்க்கப் போகிறாள் என்ற அந்த அலட்சியம்தான் எல்லாவற்றையும்விட அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"இத நான் போட மாட்டேன் சார்" என்று நாராயணப்பனிடம் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் தஸ்லிமும் அஞ்செட்டிக்குப் பஸ் ஏறினார்கள். அங்கிருந்து வேறு பஸ் கிடைக்காமல் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வினோதா வீட்டுக்குப் போனார்கள். வினோதா இளைத்திருந்தாள். தைராய்டு என்று டாக்டர் சொல்லி மாத்திரை சாப்பிடுகிறாள். அதனால்தான் தள்ளிப் போயிருக்கிறது.

"சீட்டு இருக்குதுக்கா. ஆனா எங்கம்மா நம்ப மாட்டேங்கறாங்க. வார்டனம்மா சும்மாவா சொல்லுவாங்கன்னு தெனமும் கேக்கறாங்க. என்கூட உக்காந்து சாப்பிடறதில்ல."

அவளுடைய அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து தள்ளி நின்றாள். பிரவீனா கம்ப்யூட்டர் வார்த்தை ஒன்றும் இல்லாமல் சொன்னாள். கதவில் மிஷின் வைத்திருந்தார்கள், அது எண்ணியது, எண்ணியதை ஆபீசுக்குச் சொன்னது, ஆபீஸ் வார்டனுக்குச் சொன்னது.

அந்த அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எம்பொண்ணு ஒண்ணுக்குப் போறத ஆம்பளைங்க உக்காந்து எண்ணுனாங்களா?"

"ஆமாங்கம்மா."

"தூ!" வாசலைத் தாண்டிப் போய் விழுந்தது எச்சில். பிறகு மகளைப் பார்த்தாள். பார்க்க முடியாமல் மாட்டைப் பார்த்தாள். "எங்க வந்து சொல்லணுமோ சொல்லு கண்ணு. நானும் வர்றேன்."

கிருஷ்ணகிரிக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் புகார் கொடுத்தார்கள். லைனிலிருந்து இன்னும் பல பேர் கையெழுத்துப் போட்டார்கள். விசாரிக்க வந்த பெண் அதிகாரியிடம் பிரவீனா அதே கட்டளையை அடித்துக் காட்டினாள். அந்த அதிகாரி கூட்டல் குறி வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இதை எழுதுனவன் சம்பளம் வாங்கிட்டுத்தானே எழுதுனான்?" என்று மட்டும் கேட்டார்.

ரீடர்களைக் கழற்றினார்கள். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் மிச்சம். நாராயணப்பனுக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல். வார்டன் வேலையை விட்டுப் போனாள். பெங்களூர்க் கம்பெனி, சோதனைக்காக எழுதிய பகுதி தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று கடிதம் கொடுத்தது. கம்பெனி வினோதாவைத் திரும்பக் கூப்பிட்டது. அவள் போகவில்லை. கெலமங்கலத்தில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூ கட்டி அனுப்புகிற வேலைக்குச் சேர்ந்தாள்.

பிரவீனாவை யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு காலையில் அவளுடைய சர்வர் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். புரிந்துகொண்டாள். இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் ஹரீஷ்குமாரிடமிருந்து வாட்ஸப் வந்தது. வேறு கம்பெனிக்கு முயற்சி செய்கிறானாம். 'வெல்ஃபேர் ப்ராஜெக்ட்ல நாம ஒண்ணா வேலை செஞ்சோம்னு உங்க பேர ரெஃபரன்ஸா குடுத்திருக்கேன் மேடம். போன் வந்தா நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்க.' கீழே ஒரு கும்பிடு போட்ட கை.

இரண்டு முறை படித்தாள். நீளமாக ஏதோ அடித்தாள். அடித்ததையெல்லாம் அழித்தாள். கடைசியில் 'சீ' என்று மட்டும் அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.