பதிவில் ஏறாத வயிறு

ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியின் மருத்துவ அறையில் மேகலா மோகனாவாக உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அக்கா மோகனாவுக்குக் கம்பெனிக் காப்பீட்டில் கர்ப்பப்பை எடுத்தார்கள். வேலை கைவிட்டுப் போகக் கூடாதென்று அவள் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தங்கை உள்ளே வந்தாள். அக்கா பிறகு திரும்பவே இல்லை. சூப்பர்வைசருக்குத் தெரியும்; அவருக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்.

இப்போது மேகலாவுக்கு ஐந்தாம் மாதம். அடிப்பாகம் ஒட்டும் பேஸ்டிங் பிரிவில் பசை நெடி குடலைப் புரட்டியது. நேற்று மயங்கியே விழுந்தாள். பேக்கிங்குக்கு மாற டாக்டரின் கம்ப்யூட்டர் சீட்டு வேண்டும்.

டாக்டர் சூரியபிரகாஷ் நல்லவர். புது மென்பொருள் வந்ததிலிருந்து நோயாளிகளுக்கு அவருடைய இடது காது மட்டும்தான் தெரிந்தது.

"மோகனா. சொல்லும்மா."

"மாசமா இருக்கேன் சார். பசை நாத்தம் ஒத்துக்கல."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "இருக்க முடியாதே. உனக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சு."

மேகலா தன் வயிற்றைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

"அப்ப இது இன்னா சார்?"

"அதான் தெரியல. கர்ப்பம்னு அடிச்சா சிவப்புல கத்துது."

ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் புஷ்ரா வயிற்றில் கை வைத்தாள். "உதைக்குது சார்."

"உதைக்கட்டும் சிஸ்டர். அதை எங்க பதியறது?"

புஷ்ரா மேகலாவை ஏறிட்டாள். கார்டில் ஒரு பேரும் வீட்டில் ஒரு பேருமாக இருப்பவர்களுக்குப் பத்து வருஷமாக ஊசி போடுகிறவள்.

"இந்தக் கம்ப்யூட்டரோட பெரிய பேஜாரு சார். நெடி அலர்ஜின்னு போடுங்க, ஏத்துக்கும்."

ஏற்றுக்கொண்டது. 'ரசாயன நெடி ஆகாது. பணியிடம் மாற்றவும்' என்று சீட்டு வெளியே வந்தது. மேகலா அதைச் சட்டென்று எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டாக்டருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கண்ணெதிரே இருக்கும் வயிற்றைப் பதியாமல் விட முடியுமா? பட்டியலில் தேடி 'வயிறு உப்பல்' என்பதை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது.

"எத்தனை நாளான்னு கேக்குது."

"அஞ்சு மாசமா சார்," என்றாள் மேகலா.

"எப்ப சரியாகும்னும் கேக்குதே."

புஷ்ரா அழுத்தமானிப் பட்டையைச் சுருட்டினாள். "நாலு மாசத்துல தானா எறங்கிடும் சார்."

டாக்டர் அதை அப்படியே அடித்தார். கம்ப்யூட்டர் வாயு மாத்திரை பத்து எழுதிக் கொடுத்தது.