குழிக்கு மூன்று

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் விடியற்காலை ரயிலில் இறங்கி, வாவியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அன்றிரவு ரயிலிலேயே திரும்பிப் போய்விடுவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு திரிந்து விளக்கம் சொல்வது உதயரூபனின் வேலை. படகு என் வேலை. ஆழமான இடத்தில் எஞ்சின் ஓடும். கண்டல் மரங்களுக்குள் நுழைந்ததும் எஞ்சினைத் தூக்கிவிட்டு நான் கம்பை ஊன்றித் தள்ளுவேன். அவன் பறவைகளின் பெயர் சொல்லுவான். நான் பேசாமல் நிற்பேன். அவன் பல்கலைக்கழகம் போய்ப் படித்தவன். நான் எழுத்துக்கூட்டப் பழகியதே அகதி முகாமில், நாற்பது வயதுக்கு மேல்.

சண்டை முடிந்து மூன்றாம் வருடம், ஆவணியில் ஒரு சனிக்கிழமைப் பயணத்துக்கு என் மனைவி அன்னப்பூரணியும் வந்தாள். வழமையாகச் சாப்பாடு தருகிற கடைக்காரர் வீட்டில் அன்று கல்யாணம். அதனால் உதயரூபன் எங்கள் வீட்டுக்கு வந்து, "அக்கா, ஒரு நாளைக்குச் சமைச்சுத் தருவீங்களா?" என்று கேட்டிருந்தான்.

"சமைக்கிறன் தம்பி. ஆனா நானும் படகில வருவன்."

"வந்தா எனக்கு நல்லம்தானே. பரிமாற ஆளும் கிடைச்ச மாதிரி."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எதற்காக வருகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, கஜானி. கடல் ஊருக்குள் வந்த வருடம் அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூட விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் தேற்றாத்தீவில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வாவிக்கு இந்தப் பக்கம் வவுணதீவில் இருந்த எங்களுக்கு அன்று காலை காற்றுக்கூட வேகமாக வீசவில்லை. சனம் ஓடிவந்து சொல்லித்தான் தெரியும். போய்ப் பார்த்தால் வீடு இல்லை, தங்கை இல்லை, பிள்ளையும் இல்லை. எத்தனையோ இடத்தில் தேடினோம். அடக்கம் செய்யவென்று ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு நிறுவனம் வாவிக்கரை நெடுகக் கண்டல் நடுவித்தது. மரம் நின்றால் அலையின் வேகம் குறையும் என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்த வேலைக்குப் போனோம். வீட்டில் இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். கண்டல் விதை முருங்கைக்காய் போல நீளமாக இருக்கும். மேற்பார்வைக்காரர் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "குழிக்கு ஒண்டு. இடைவெளி விட்டு நடுங்க" என்றார். அன்னப்பூரணி காடு வெட்டிய சேனையில் சோளன் போட்டு வளர்ந்தவள். சோளனுக்கு எங்கள் பக்கத்தில் குழிக்கு மூன்று விதை. ஒன்று குருவிக்கு, ஒன்று பூச்சிக்கு, ஒன்று நமக்கு. அவள் கை தன் பாட்டுக்கு மூன்று மூன்றாக வைத்துக்கொண்டு போனது. வரிசையின் முடிவில்தான் மேற்பார்வைக்காரர் கண்டார்.

"இதென்னகா, சோளனா போடுறாய்? வளந்தா ஒண்ட ஒண்டு நெரிச்சுப் போடும். புடுங்கு, புடுங்கு."

சேற்றுக்குள் திரும்பிப் போய் இரண்டிரண்டாகப் பிடுங்கினோம். கடைசிக் குழிக்கு வந்ததும் அவள் கையை எடுத்துவிட்டாள்.

"இது கிடக்கட்டும்."

"அவர் ஏசுவார்."

"ஏசட்டும். இது புள்ளைக்கு வெச்சது."

மேற்பார்வைக்காரர் வந்து பார்த்தார். அவள் குந்தியிருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் கரையில் சண்டை மூண்டது. ஓடினோம், முகாமில் கிடந்தோம், திரும்பி வந்தோம். படகு வேலை கிடைத்து முதன்முதல் நாங்கள் நட்ட அந்த வளைவைக் கடந்தபோது பார்த்தேன், மூன்றும் நின்றன. குருவியும் எடுக்கவில்லை, பூச்சியும் எடுக்கவில்லை. ஒரே அடியிலிருந்து மூன்று தண்டு கிளம்பி, ஒன்றில் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. அத்தனை கண்டலுக்குள்ளும் அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

அன்றிலிருந்து நான் வேலை முடிந்து வந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "நிக்குதா?"

"நிக்குது."

"எவ்வளவு உயரம்?"

"உன்ட தலைக்கு மேல." அடுத்த வருடம், "கூரை உயரம்."

அந்த இடத்துக்குத் தரைவழி இல்லை. படகில் எப்போதும் வெளியூர் ஆட்கள். என் மனுசிக்கு ஒரு மூலை தா என்று உதயரூபனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டான்.

கஜானி பிறந்ததும் ஆவணியில்தான். சோற்றுப் பானை, மீன் கறி, இறால் பொரியல், தயிர்ச் சட்டி எல்லாவற்றோடும் வாழையிலையில் மடித்து நூலால் கட்டிய ஒரு பொட்டலத்தையும் அன்னப்பூரணி கொண்டுவந்தாள். பயத்தம் பணியாரம். பிள்ளைக்கு அது என்றால் போதும், சோறு வேண்டாம். மரத்தடியில் படைக்கப் போகிறாள்.

புளியந்தீவு இறங்குதுறையில் பானைகளை ஏற்றிவிட்டு அவள் படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். உதயரூபன் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டான். நான் அறுவடைக்கு வயல் வட்டைக்குள் போய்விட்டதால் இரண்டு கிழமையாகப் படகுப் பக்கம் வந்திருக்கவில்லை.

"அண்ணன், நீங்க வயலுக்க நிண்ட நேரம் ஒரு வேலை பாத்திருக்கன். கண்டலுக்கு ஊடால புது வழி. ரெண்டு பக்கமும் மரம், மேல கூடாரம் மாதிரி. கொழும்பு ஆக்கள் போட்டோ எடுத்தே சாகப் போறாங்க."

"எவடத்தால?"

"அந்த வளைவால. நல்ல மரம் ஒண்டையும் தொடல்ல. பிழையா நட்டு நெருக்கிக்கொண்டு நிண்டதுகளத்தான் வெட்டினது."

என் கையில் இருந்த கம்பைப் படகில் சாய்த்துவிட்டுக் கேட்டேன். "மூண்டு ஒண்டா நிண்டதையுமா?"

"ஓம், அது வழியிட வாசல்லயே நிண்டுது. முதல் வெட்டினதே அதத்தான். ஏன் அண்ணன்?"

சொன்னேன். பிள்ளையின் பெயரையும் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"வெட்டுறதுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிச்சு விட்டது நான்தான். எனக்குத் தெரியாதே அண்ணன். நீங்க ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா..."

எத்தனையோ தரம் அந்த மரத்தைக் கடந்து அவனோடு போயிருக்கிறேன். ஒரு சொல்லும் சொன்னதில்லை.

"வளைவுப் பக்கம் போகாம மற்ற வழியால போவம்" என்றான். "அக்காவுக்கு இண்டைக்குத் தெரிய வேணாம்."

நானும் தலையை ஆட்டினேன். அந்த நேரம் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வீட்டுக்குப் போயிருப்பாள். அழுதாலும் வீட்டில் அழுதிருப்பாள்.

வந்தவர்களில் பலர் சிங்களவர். தெஹிவளையிலிருந்து வந்த ஸஹீதா டீச்சரும் அவருடைய கணவர் றிப்ஷானும் மட்டும் தமிழ் பேசினார்கள். உதயரூபன் இரண்டு பாஷையிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தான். நீர்க்காகம், கூழைக்கடா, மீன்கொத்தி. கல்லில் முதலை படுத்திருக்கும் இடம்.

றிப்ஷான் மனைவியைப் பார்த்து, "கைய உள்ளுக்கு எடுங்க. முதலை உங்களக் கொண்டுபோனா நான் ஆரிட்டச் சோறு கேக்கிறது?" என்றார்.

"முதலைக்கும் கண் இருக்குது. இவ்வளவு இறைச்சி பக்கத்தில இருக்கக்குள்ள என்ட எலும்பையா தேடி வரும்?" என்றார் டீச்சர்.

அன்னப்பூரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்குப் பட்டது. டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"அக்காவுக்கு எத்தின புள்ளைகள்?"

"ஒரே ஒரு மகள்."

"எங்க இருக்கிறா?"

"நாங்க போற வழியிலதான் நிக்கிறா. காட்டுறன் பாருங்க."

உதயரூபன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

வாவி இரண்டாகப் பிரியும் இடத்தில் படகை மற்ற வழிக்குத் திருப்பினேன். அவள் உடனே எழும்பிவிட்டாள்.

"தம்பி, இஞ்சால எங்க போறீங்க? அந்த வளைவுப் பக்கம் போகல்லயா?"

"அங்கால தண்ணி குறைவு அக்கா" என்றான் உதயரூபன்.

"புது வழி ஒண்டு திறந்திருக்கு எண்டு போன்ல சொன்னீங்களே" என்றார் றிப்ஷான். "அதுக்காகத்தானே இவ கமெராவத் தூக்கிக்கொண்டு வந்தவ. இதக் காட்டாட்டி வீட்ட போய் எனக்குத்தான் பேச்சு விழும்."

அவர் சிங்களத்திலும் அதைச் சொன்னார். மற்றவர்களும் அந்தப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

"போவமே தம்பி" என்றாள் அன்னப்பூரணி. "நான் அதுக்குத்தானே வந்தன்."

எஞ்சினில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். என் கை படகைத் திருப்பிவிட்டது. அவள் கேட்டு நான் இல்லையென்று சொல்லிப் பழகவில்லை.

வளைவில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பை ஊன்றினேன். புது வழி வடிவாகத்தான் இருந்தது. இரண்டு பக்கத்துக் கிளைகளும் மேலே கை கோத்திருந்தன. வெயில் பச்சையாகத் தண்ணீரில் விழுந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், கமெராச் சத்தம் மட்டும். அன்னப்பூரணி நின்றபடியே அண்ணாந்து தேடினாள். கூரை உயரம் என்று சொன்னவன் நான்தானே. அவள் மேலேதான் பார்த்தாள்.

"எங்க?" என்று என்னைக் கேட்டாள். "தாண்டிட்டமா?"

நான் கம்பை எடுக்காமல் நின்றேன். அதைப் பார்த்த பிறகுதான் அவள் கண்ணைக் கீழே இறக்கினாள். வற்றுத் தண்ணீருக்கு மேல் மூன்று அடிக்கட்டைகள் ஒன்றாக நின்றன. பட்டையில் சிவப்புப் பெயின்ட் இன்னும் போகவில்லை.

"கொஞ்சம் புடிங்க" என்றாள்.

படகைப் பிடித்தேன். அவள் குனிந்து ஒவ்வொரு கட்டையாகக் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"காலமதான் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டுதான் கூட்டிவந்தீங்க."

நான் கம்பைச் சேற்றிலிருந்து இழுத்தேன். அவள் உட்கார்ந்தாள்.

வருகிறவர்கள் ஆளுக்கொரு கண்டல் கன்று நடுவது வழக்கம்; அன்று அது புது வழியின் மறுமுனையில். அதற்கு ஒரு வாளியில் கன்றுகள் இருக்கும். எல்லோரும் காற்சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிய நேரம் உதயரூபன் வாளியிலிருந்து மூன்றை எடுத்துவந்து அவள் முன்னால் குந்தினான்.

"அக்கா, நீங்க வெச்ச மாதிரியே வைங்க. குழிக்கு மூண்டு. இனி ஒருத்தனும் தொடமாட்டான், நான் பொறுப்பு."

அவள் அந்தக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது சோளனுக்குத் தம்பி. இதுக்கு ஒண்டுதான். அண்டைக்கே அந்தாள் சொன்னவர். நான்தான் கேக்கல்ல."

"அக்கா, அப்படி இல்ல..."

"ஒண்டா வெச்சிருந்தா இப்பவும் நிண்டிருக்கும், என்ன?"

அதே வரிசையில் ஒற்றையாக நட்ட மரங்களின் நிழலில்தான் நாங்கள் நின்றோம். அவள் கன்றுகளை வாங்கி, வேர் நனையும்படி வாளிக்குள் திருப்பி வைத்தாள்.

சாப்பாடு ஒரு மணல் திட்டில். எல்லோருக்கும் அவளே பரிமாறினாள். ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை. றிப்ஷான் மீன் கறிக்கு மூன்றாம் தரம் இலையை நீட்டினார். டீச்சர் கை கழுவிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, மகளக் காட்டுறன் எண்டீங்களே. நான் போட்டோ எடுக்கிற பராக்கில கவனிக்காம விட்டுட்டேனா?"

அன்னப்பூரணி தயிர்ச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள்.

"லீவுதானே. மாமி வீட்ட போயிட்டா போல."

"எங்க மாமி வீடு?"

"தேற்றாத்தீவு."

"கிட்டவா?"

"ஓம். கிட்டத்தான்."

பானைகளை மூடும்போது றிப்ஷான் பொட்டலத்தைக் கண்டுவிட்டார். "அக்கா, அதுக்குள்ள என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கிறீங்க?"

"ஒரு பானைச் சோறு உள்ளுக்குப் போயிருக்கு. வெக்கமில்லாமக் கேக்கிறத்தப் பாருங்க" என்றார் டீச்சர்.

அன்னப்பூரணி பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பயத்தம் பணியாரம் தம்பி. எடுங்க. எல்லாருக்கும் குடுங்க."

இலை கை மாறிப் போனது. நன்றாக இருக்கிறது என்று இரண்டு பாஷையிலும் சொன்னார்கள். ஒரு சிங்கள அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். உதயரூபன் தன் பங்கைக் கையில் வைத்தபடி தண்ணீர் ஓரமாக நடந்துபோனான். கடைசியாக இலை என்னிடம் வந்தது. ஒன்று மீதம் இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தின்றேன். தண்ணீர் குடித்து இறக்கினேன்.

"நல்லா இரிக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா இரிக்கு" என்றேன்.

இன்னும் அந்த வழியால்தான் படகு போகிறது. வாசலில் கம்பை ஊன்ற அந்தக் கட்டைகள் தோதான இடம். நான் சேற்றில்தான் ஊன்றுகிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அவள் தேத்தண்ணி தருவாள், வலிக்கிற தோளுக்கு எண்ணெய் தருவாள். ஒன்றும் கேட்பதில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போகிற வழியில் வலையிறவுப் பாலத்தைத் தாண்டும்போது, இன்றைக்குக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் போகிறேன்.