பெப்பர்மின்ட் டப்பா

நான் செத்துப் பிழைத்தவள். இந்த வேலைக்கு அதுதான் என் படிப்பு, அதுதான் என் சான்றிதழ். கனடாவின் சட்பரி ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மூடிப்போன நாற்காலிக் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் மையம். குடியும் போதைப் பொடியும் ஊசியுமாகத் திரிகிற பிள்ளைகள் வருவார்கள். சூப் கொடுப்போம், புது ஊசி கொடுப்போம், மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கிற மருந்தைக் கையில் திணித்து அனுப்புவோம். டாக்டர் சொன்னால் கேட்காத கழுதைகள், அதே சாக்கடையில் கிடந்து எழுந்து வந்தவள் சொன்னால் கேட்குமாம். அந்த எழுந்து வந்தவள் நான்தான், ஜனெல். வயது முப்பத்தொன்று. பொடியை விட்டு ஆறு வருஷம்.

புதன்கிழமை மதியம் வட்டமாக உட்காருவோம். ஹாக்கி ஆடுகிற கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று கைமாறிக்கொண்டே வரும். அது யார் மடியில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். சட்டம் இரண்டுதான். உன் கதையை மட்டும் சொல். இங்கே கேட்டது உன்னோடு இருக்கட்டும். எங்கள் தலைவி க்வென் அதை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறாள். மறுபடி குடித்துவிட்டு வந்து நின்ற ஊழியரைக்கூட அவள் மன்னித்திருக்கிறாள். இல்லாத கதை சொன்ன ஊழியனை அன்று மாலையே வேலையை விட்டு அனுப்பினாள்.

கிர்ஸ்டிக்கு இருபது வயது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், அதனால் சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். எட்டு மாதமாகப் பொடியைத் தொடவில்லை. எனக்குத் துணையாக இன்னொரு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என் பின்னாலேயே சுற்றினாள்.

"இந்த வேலை கிடைக்கலைன்னா நான் திரும்ப அங்கதான் போவேன், ஜனெல். மிரட்டலை. எனக்கு என்னைத் தெரியும்."

"வாயைக் கழுவுடி. உனக்குக் கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கும்?"

ஒருநாள் நாங்கள் இருவரும் சூப் பானை கழுவிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னாள். அவள் அண்ணன் ஆரோ, பனிச்சறுக்கு அரங்கத்துக்குப் பின்னால் நிறுத்திய காரில், அவள் பக்கத்திலேயே செத்துப்போனவன். அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாதது இது.

"உதடு நீலமாயிடுச்சு. நான் முதல்ல போனை எடுக்கலை. அவன் கோட்டுப் பையில பெப்பர்மின்ட் டப்பா இருக்கும், மிச்சப் பொடியை அதுலதான் வெப்பான். அதை எடுத்து, நான் போட்டுக்கிட்டேன். அப்புறம்தான் போன்." பானையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா அம்மாவும் போயிடுவா."

"என்னைத் தாண்டி வெளிய போகாது," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய மேதாவி மாதிரி அறிவுரை வேறு கொடுத்தேன். "பாரு, நேர்காணல்ல உனக்கு எங்க நடுங்குதோ அந்த இடத்தைச் சொல்லு. மத்ததெல்லாம் எல்லாரும் சொல்றதுதான்."

நேர்காணல் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய புதன் கிர்ஸ்டி பல் டாக்டரிடம் போயிருந்தாள், முன்பல்லைச் சரிசெய்துகொள்ள. அன்றைக்கு வட்டத்தில் ரேலின் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் நான்கு முறை ஆம்புலன்ஸில் போனவள். எங்கள் மருந்தைக் கையால் தொடமாட்டாள். நான் வழக்கம்போல் என் கதையை ஆரம்பித்தேன்.

"ஏ கிழவி, போன வாரமும் இதையேதான் சொன்ன," என்றாள் ரேலின். "ஆம்புலன்ஸ், வெள்ளை லைட்டு, அம்மா அழுதாங்க. ரெக்கார்டு தேஞ்சுபோச்சு. புதுசா ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

எல்லாம் கொல்லென்று சிரித்தன. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவள் சொன்னது உண்மை என்பதால்தான் ஏறியது. முந்நூறு தடவை சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் குரலைத் தழைக்க வேண்டும் என்பதுகூட எனக்கு மனப்பாடம். வட்டு என் மடியில் இருந்தது. விரற்கடை அளவே இருக்கிற ஒரு திமிர்பிடித்த பெண்ணிடம் தோற்க எனக்கு மனமில்லை.

"இருக்குடி," என்றேன். "இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை."

அண்ணனை என் பெரியம்மா மகனாக்கினேன். காரை அறையாக்கினேன். டப்பாவை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

ரேலின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். போகும்போது தானாகவே வந்து மருந்துப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த க்வென் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"இதை இத்தனை வருஷம் உள்ளயே வெச்சுக்கிட்டு எப்படி இருந்த?"

நான் கட்டிப்பிடிக்க விட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

வியாழன் இரவு கிர்ஸ்டி புதுப் பல்லோடு ஒரு படம் அனுப்பினாள். 'நாளைக்கு எதைச் சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். நீ சந்தோஷப்படுவ' என்று எழுதியிருந்தாள். எதை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை.

நேர்காணலில் மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர். க்வென், நிர்வாகக் குழுவிலிருந்து வந்த ஒரு பெரிய மனுஷி, அப்புறம் நான். கிர்ஸ்டி வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். வாயை மூடாமல் சிரித்தாள். அவள் கதையைச் சொல்லச் சொன்னார்கள்.

சொன்னாள். என்னைப் பார்த்தபடியே, வடிகட்டாமல், கார், உதடு, கோட்டுப் பை. டப்பா என்ற சொல் வந்ததும் க்வென் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கிர்ஸ்டிக்கு அது தெரியவில்லை. கடைசிவரை சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை நான் அம்மாகிட்டகூட சொன்னதில்லை. இன்னிக்குச் சாயந்திரம் சொல்லப் போறேன்," என்றாள்.

"கிர்ஸ்டி," என்றாள் க்வென், ரொம்ப மெதுவாக. "ஆரோ விஷயம் எங்களுக்குத் தெரியும்மா. அது உன் துக்கம். ஆனா அந்த டப்பா... அது உன்னோடதா?"

"பின்ன யாரோடது?"

"புதன்கிழமை இதே விஷயத்தை வட்டத்துல வேற ஒருத்தர் சொல்லிக் கேட்டேன். டப்பா உட்பட." க்வென் என் பக்கம் திரும்பினாள். "ஜனெல், நீ சொல்லு."

கிர்ஸ்டியும் என் பக்கம் திரும்பினாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிகிறது என்பதை நான் அவள் முகத்தில் பார்த்தேன். அப்போதுகூட அவள் எனக்காகக் காத்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் அவளுக்கு வேலை உண்டு, எனக்கு இல்லை. வேலை போனால் நான் எங்கே போவேன் என்று எனக்கும் தெரியும்.

"பயத்துல கலந்துபோயிருக்கும்," என்றேன். "வட்டத்துல பேசினது காதுல விழுந்து, தன்னோடதுன்னே மனசு நம்பிடும். எனக்குக் கோபமில்லை. யாருக்கும் நடக்கறதுதான்."

அந்தப் பெரிய மனுஷி என் பெருந்தன்மையை மெச்சித் தலையாட்டினாள்.

கிர்ஸ்டி சிரித்தாள். கையால் வாயை மூடிக்கொண்டு, பழைய மாதிரி. "ஆமா, கலந்துபோச்சு," என்று எழுந்தாள். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

அன்று சாயந்திரம் அவள் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தின் கழிப்பறைக்குப் போயிருக்கிறாள். கதவை உடைத்து எழுப்பியிருக்கிறார்கள்.

மார்ச்சில் திரும்ப வந்தாள், வேலைக்கு அல்ல, ஊசிக்கு. நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். புதுப் பல் மறுபடி உடைந்துவிட்டது. புதன்கிழமை தவறாமல் வட்டத்தில், ரேலினுக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். ரேலின் ஏழு வாரமாகத் தொடவில்லை. என் கதைதான் தன்னைக் காப்பாற்றியது என்று வருகிற போகிற எல்லோரிடமும் சொல்கிறது அந்தப் பைத்தியம். உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை கெட்டுப்போகும் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நல்ல சாக்கு.

போன புதன், வட்டு கிர்ஸ்டியிடம் வந்தது. அவள் எழுந்து வந்து அதை என் மடியில் வைத்தாள்.

"டப்பா கதை சொல்லு."

"போன வாரம்தானே சொன்னேன்."

"எனக்கு அது பிடிக்கும். நீ என்னமா சொல்ற."

"சொல்லு ஜனெல்," என்றாள் ரேலினும்.

சொன்னேன். பெரியம்மா மகன், அறை, உதடு. "கோட்டுப் பையில பச்சை டப்பா..."

"நீலம்," என்றாள் கிர்ஸ்டி.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள் ரேலின்.

"போன தடவை நீலம்னுதான் சொன்னா. இல்ல ஜனெல்?"

"ஆமா. நீலம்." போனை எடுத்தது வரை சொல்லி முடித்தேன்.

"ஒண்ணை விட்டுட்ட," என்றாள் கிர்ஸ்டி. குரலில் கோபமே இல்லை. "நீ பைக்குள்ள கைவிட்டப்போ அவன் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தான்ல? நீ எடுக்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தான்ல? அதை ஏன் எப்பவும் விட்டுடற?"

அதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

"சேத்துச் சொல்லு," என்றாள்.

ரேலின் என் கையை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டாள். வட்டு என் மடியில்தான் இருந்தது. நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.