உள்ளே துணி விடாத கோட்டு

"கையைத் தளர விடுங்கண்ணா. மூச்சை இழுத்து, மெதுவா விடுங்க."

முப்பது வருடமாக எல்லோரிடமும் தையல்காரி சொல்வதுதான். மார்பைச் சுற்றிய டேப்புக்குள் இரண்டு விரலை நுழைத்து வைத்துக்கொள்வாள். மூச்சை விடும்போது விரல்கள் கொஞ்சம் இறங்கும். அப்போது எடுப்பதுதான் சரியான அளவு. இன்று விரல்கள் இறங்கவில்லை. ஏறவும் இல்லை.

"விட்டாச்சா?"

"நீ எழுதிக்கோம்மா," என்று சிரித்தார் அண்ணன். நாடே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. மூச்சு வாங்காமல் இரண்டு மணி நேரம் பேசுவார் என்று பெருமை வேறு. அடுத்த மாதம் தேர்தலில் அவர்தான் ஜெயிப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"நாப்பத்தாறு. போன கூட்டத்துக்கு முன்னாடி நாப்பத்திரண்டு."

"ஜனங்க குடுக்கறாங்க, நான் வாங்கிக்கறேன். நாளை மத்தியானக் கூட்டத்துக்குக் கோட்டு வந்துடணும்."

அவர் போன பிறகும் அந்த இரண்டு விரல்களும் ஜில்லென்றே இருந்தன. தண்டவாளத்தைத் தொட்ட மாதிரி. மேசையின் மேல் சட்டைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் பிடித்துத் தைக்க வந்தவை. பால்காரர், கணக்கு வாத்தியார், பஸ் கண்டக்டர். 'தொளதொளன்னு இருக்கும்மா, கொஞ்சம் பிடிச்சுக் குடு.' மூவரும் அண்ணன் கூட்டம் ஒன்றைக்கூட விடாதவர்கள்.

உள்ளே உட்கார்ந்து கோட்டின் முன்பக்கத்தில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தன் தம்பியைக் கூப்பிட்டாள். அவனும் கூட்டத்தை விடாதவன்.

"சட்டையைக் கழட்டுடா."

"எதுக்கு?"

"கழட்டுன்னா கழட்டு." டேப்பைச் சுற்றினாள். "முப்பத்துமூணு. ரெண்டு மாசம் முன்னாடி முப்பத்தொன்பது."

"இளைச்சிருக்கேன். நீதானே தொப்பையைக் குறைன்னு உயிரை எடுத்த?"

"தொப்பை குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருக்கு. தோள் எலும்பு எப்படிடா இளைக்கும்? நாப்பத்திரண்டு வயசு ஆம்பளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தோளு."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

"கூட்டத்துல என்னதான்டா பண்றீங்க?"

"நான் யாருன்னு கேப்பாரு. நாங்கதான்னு கத்துவோம். அப்போ நெஞ்சுலேருந்து என்னமோ கிளம்பிப் போகும்க்கா. அவ்வளவு சுகமா இருக்கும்."

"எங்க போகுதுன்னு பாத்தியா?"

"அவர்கிட்டதான். போகட்டுமே. என் பொண்டாட்டி செத்தப்போ ஒருத்தன் எட்டிப் பாத்தானா? அவர் அத்தனை கூட்டத்துல என் தோள்ல கையை வச்சாரு."

"நான் பாக்கலையாடா?"

"நீ அக்கா. நீ பாக்கணும். அவருக்கு என்ன தலையெழுத்து?"

"நாளைக்கு மட்டும் போகாதே. இன்னும் ரெண்டு கூட்டம் போனா நீ மிச்சமிருக்க மாட்ட."

"சோத்தை விடுன்னு சொல்லு, விட்டுடறேன்."

அவன் காஜாவை முடித்துவிட்டுச் சாப்பிடப் போனான். கோட்டு என்றால் முதுகுத் தையலில் ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே மடித்து விடுவாள் அவள். உடம்பு பெருத்தால் பிரித்து விரித்துக்கொள்ளலாம். இந்தக் கோட்டில் அதை வெட்டி எறிந்தாள். தார்ப்பாய் தைக்கும் நூலைக் கோத்து மூன்று வரிசை ஓட்டினாள். உள்துணியும் அந்த நூலிலேயே. அவர் வீங்க இடமில்லாவிட்டால் தம்பியிடமிருந்து எடுத்து எங்கே வைப்பார்?

மறுநாள் மைதானத்தில் தம்பியை ஒட்டியே நின்றாள். அவன் காலருக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டாள்.

"என்னக்கா இது, மாட்டைப் பிடிச்ச மாதிரி?"

"சும்மா இரு."

மேடையில் அண்ணன் கேட்டார். "நான் யாரு?"

மைதானம் கத்தியது. தம்பி கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். காலர் தளரவில்லை. மேடையில் அண்ணனின் மார்பு எழும்பி, கோட்டில் முட்டி நின்றது. இரண்டாம் முறை கேட்டார். முகம் கறுத்தது. முதல் தடவையாகப் பேச்சு நின்றது. காலர் அப்படியேதான் இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னைக் கட்டிட்டாங்க," என்றது ஒலிபெருக்கி. "உங்களை என்கிட்ட வரவிடாம எவனோ கட்டிட்டான்."

பெரிய திரையில் அவர் முதுகு தெரிந்தது. தம்பி அதையே பார்த்தான். அவனும் தையல்கடைக்காரன்தானே.

"அக்கா. நீ உள்ள துணி விடலையா?"

"விடலை."

"ஏன்?"

"உனக்காகத்தான்டா."

யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். "அவர் சாகறாருக்கா."

"அவர் மூச்சே விடறதில்லைடா. எப்படிச் சாவாரு?"

அவள் விரலை உதறிவிட்டு ஓடினான். "வழி விடுங்க, கோட்டு எங்க கடையோடது," என்ற அவன் குரல் மேடைப் படிவரை கேட்டது. காவலாளிகள் விட்டார்கள். எந்தத் தையலையும் அக்கா எங்கே முடிச்சுப் போடுவாள் என்று அவனுக்குத் தெரியும். காலரைத் தூக்கி, முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்து, இரண்டு கையாலும் இழுத்தான். முதுகு கீழ்வரை பிளந்தது.

"நான் யாரு?" என்றார் அண்ணன்.

பக்கத்தில் நின்ற தம்பிதான் முதலில் கத்தினான்.

மேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். சட்டைக்குள் தேடித்தான் கையைக் கண்டுபிடித்தாள். ஆறு வயதுப் பிள்ளையின் கை. அதில் ஊசி குத்திக் காய்த்த விரல்.

"நல்லா இருக்காராக்கா?"

"இருக்காரு."

"நான்தான் பிரிச்சேன். எல்லாரும் பாத்தாங்க."

"பாத்தாங்கடா."

சட்டையோடு சேர்த்து அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மடித்த துணியின் கனம்கூட இல்லை. அண்ணனின் உதவியாளர் வந்து நின்றார். கோபமாகவே தெரியவில்லை.

"வேற கோட்டு தைக்கணுமாம், அம்மா. அளவெடுக்கக் கூப்பிடறாரு."

"என் டேப்பு பத்தாது."

"ரெண்டைச் சேத்துக் கட்டிக்குங்க."

அவள் நகரவில்லை. இடுப்பிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"போக்கா. அவரை நிக்க வைக்காதே."