பெஞ்சு ஒன்று (ஆளுடன்)

2019 மார்ச் 28ஆம் தேதி, வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டரை மணிக்கு, சொத்து மேலாண்மைப் பொது மேலாளர் பதவிக்கு நேர்காணலுக்கு வந்திருந்த ஜெகதீசன், வேலை கிடைப்பதற்கு முன்பே அந்த அலுவலகத்தின் சொத்தாகிவிட்டார். அதிலிருந்து ஆறு வருஷம் அவரால் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற அந்த அலுவலகத்தின் கேட்டைத் தாண்ட முடியவில்லை. கேட்டை யாரும் பூட்டி வைக்கவில்லை. வலது காலைத் தூக்கி வெளியே வைப்பார். வைத்த கால் உள்ளே இருக்கும். இடது காலால் தொடங்கினாலும் அப்படியே. முதல் நாள் இப்படி நான்கு முறை போய் நான்கு முறையும் திரும்பி வந்து நின்றவரைப் பார்த்து வாட்ச்மேன் எத்திராஜ், "இன்னா சார், எதையாச்சும் மறந்துட்டியா? போய்ப் போய் வந்துட்றியே" என்று கேட்டார். ஐந்தாவது முறை எத்திராஜே கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். எத்திராஜ் மட்டும் வெளியே நின்றார். கையில் கை இல்லை.

நடந்தது இதுதான். வட்டார விமான நிலைய ஆணையம் ஒன்று அப்போது புதிதாகத் தொடங்கப்பட்டிருந்தது. விமான நிலையத்துக்கு நிலம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் பெட்டி தள்ளும் வண்டிகள், சாமான் சுற்றி வரும் பெல்ட், ஊடுகதிர் இயந்திரம், அறுநூறு நாற்காலிகள் எல்லாம் வாங்கியாகி, பழைய ஃபவுண்டரி கட்டடத்தில் அடுக்கப்பட்டிருந்தன. மார்ச் முடிவதற்குள் எல்லாச் சாமானுக்கும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. குமணன்சாவடியிலிருந்து வந்த பெயிண்டர் சின்னப்பையனிடம், வராந்தாவில் நகராமல் இருக்கிற எல்லாவற்றுக்கும் நம்பர் போடும்படி வாயால் சொல்லப்பட்டது. நேர்காணல் பத்து மணிக்கு என்று கடிதத்தில் இருந்தது. குழுவின் மூன்றாவது உறுப்பினரின் கார் பாடி சந்திப்பில் மாட்டிக்கொண்டதால் ஜெகதீசன் வராந்தாவில் கிடந்த தேக்கு பெஞ்சில் காத்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் விமான நிலையங்களில் காத்திருந்து பழகியவர், பெஞ்சின் கைப்பிடியில் கையை வைத்தபடி நிமிர்ந்த வாக்கில் தூங்கிப்போனார். சின்னப்பையன் கைப்பிடியிலிருந்து தொடங்கி அவர் முன்கையில் கொண்டுபோய் முடித்தான்: 417. பின்னால் பதிவேட்டோடு வந்த சரிபார்ப்பு அலுவலர் நேர்மையான மனிதர். கண்ணில் பட்டதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார்: "பெஞ்சு, தேக்கு, ஒன்று (ஆளுடன்)."

விசாரணையில் சின்னப்பையன் சொன்ன பதில் கோப்பில் இருக்கிறது. "ஆடாம அசையாம இன்னா கீதோ அல்லாத்துக்கும் போடுன்னாங்க. போட்டேன். இவரு ஆடல சார்."

பெயிண்டைத் துடைத்துப் பார்த்தார்கள். டர்பன்டைன், மண்ணெண்ணெய், கடைசியில் உப்புத்தாள். தோல் சிவந்ததே தவிர நம்பர் போகவில்லை. முழுக்கைச் சட்டை போட்டால் சட்டைக்கு மேல் வந்து நின்றது. நம்பர் போட்ட சாமான் வெளியே போக வேண்டுமானால் கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸில் சொத்து மேலாண்மைப் பொது மேலாளர் கையெழுத்திட வேண்டும். அந்த நாற்காலியில் ஆள் இல்லை. அதை நிரப்பத்தான் ஜெகதீசன் வந்திருந்தார். வந்தவர்களில் அவரே தகுதியானவர் என்று குழு ஒருமனதாக எழுதியது. ஒரு சொத்து தனக்குத் தானே கேட் பாஸ் போட்டுக்கொள்ள முடியாது என்று சட்டப் பிரிவு அதன் கீழே எழுதியது. இரண்டும் சரிதான் என்று ஜெகதீசனே ஒத்துக்கொண்டார். அந்தத் தொழிலில் ஊறியவர் அவர்.

செய்யாற்றில் படித்து வளர்ந்தவர். வேலை பார்த்த மஸ்கட் விமான நிலையத்தில் எந்த நகரும் படிக்கட்டு எப்போது நிற்கும், எந்த பெல்ட்டின் உருளை எத்தனை மாதம் தாங்கும் என்று காது கொடுத்தே சொல்லுவார். வருஷத்துக்கு முப்பது நாள் லீவு. திருமுல்லைவாயிலில் இரண்டாம் மாடியில் ஃப்ளாட். மனைவி கனிமொழி அங்கே தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். லீவில் வந்தால் இருபத்தொன்பதாம் நாள் பரணிலிருந்து பெட்டி இறங்கும். முப்பதாம் நாள் ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடை போட்டுப் பெட்டிக்குள் போகும். ஆக, இருபத்திரண்டு வருஷத்தில் தன் வீட்டில் முப்பத்தொன்றாம் நாள் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கு வெயில் எந்த ஜன்னல் வழியாக வரும், கனிமொழி அன்றைக்கு என்ன சமைப்பாள், தன்னிடம் எப்படிப் பேசுவாள், பேசுவாளா என்றெல்லாம் மஸ்கட் அறையில் படுத்துக்கொண்டு யோசிப்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மஸ்கட் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் இருந்த இந்த வேலைக்கு, பாதிச் சம்பளத்துக்கு, மனுப் போட்டார். நேர்காணல் அன்று வீட்டுக்கு வந்து இருபத்தேழு நாள் முடிந்திருந்தது. இருபத்தெட்டாம் நாள் காலை, "மத்தியானம் சாப்பிட வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

அன்று மாலை கனிமொழி ஆட்டோவில் வந்து இறங்கினாள். "வெறும் பெயிண்டுக்கா இப்படி பயப்படறீங்க, வாங்க" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் அவள்தான் உள்ளே வந்து விழுந்தாள். இரண்டாவது முறையும் அப்படியே. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். மதியத்துக்கு வைத்த வத்தக்குழம்பு.

அலுவலகம் அவரை மோசமாக நடத்தவில்லை. பெஞ்சின் வருடாந்தரப் பராமரிப்புக்கு என்று இருந்த தொகையில் அவருக்குச் சாப்பாடும், வார்னிஷ் வாங்கியது போக இரண்டு வேட்டியும் கிடைத்தன. பார்வையாளர் நேரம் மாலை ஐந்திலிருந்து ஆறு. கனிமொழி பள்ளி விட்டு வந்து அந்த ஒரு மணி நேரமும் இருப்பாள். வீட்டுச் செய்திகளை எண்ணிக்கையோடு சொல்லுவாள்: தண்ணீர் லாரி வந்தது, மோட்டார் காயில் போனது, எதிர் ஃப்ளாட்டுக்காரர் பால்கனியில் கம்பி வலை போட்டது. ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு விரல்விட்டு எண்ணினாள்.

"வருஷத்துக்கு முந்நூறு நாள் ஆபீசு. நாளைக்கு ஒரு மணி நேரம். முந்நூறு மணி நேரம். கணக்குப் பார்த்தா பன்னண்டரை நாள்தாங்க வருது. மஸ்கட்ல இருந்தப்போ முப்பது நாளாச்சும் இருந்தீங்க."

ஜெகதீசனால் அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடிக்குப் போக முடியும். அங்கிருந்து பார்த்தால் மின்சார ரயில்கள் அண்ணனூர் பக்கம் போவது தெரியும். திருமுல்லைவாயிலில் இறங்க வேண்டியவர்கள் வாசலுக்கு நகர்வதைக்கூடத் தன்னால் உணர முடிகிறது என்று அவர் எத்திராஜிடம் சொல்லியிருக்கிறார். ஊரடங்கில் இரண்டரை மாதம் அவரும் எத்திராஜும் மட்டும் அங்கே இருந்தார்கள். கனிமொழி போனை அடுப்பங்கரை மேடையில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பாள். அவர் சமையல் சத்தத்தைக் கேட்டபடி பெஞ்சில் இருப்பார். "அண்ணி இன்னா, வெண்டக்காயா?" என்று எத்திராஜ் கேட் பக்கத்திலிருந்து கேட்பார்.

பதவிக்கு ஆள் தேடுவது மட்டும் நிற்கவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு நிறுவனம் பெரிய பெரிய ஆட்களாகத் தேடி அனுப்பியது. நான்கு வருஷத்தில் ஏழு பேர் வந்தார்கள். டையும் பெட்டியுமாக வந்தவர்கள், விமானம் எப்போது வரும் என்று கேட்டவர்கள், கேட்காதவர்கள், எல்லோரும் ஒரே இடத்தில் நின்றார்கள். பொறுப்பேற்பவர் சொத்துப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் கையெழுத்திட வேண்டும். 416 வரை மளமளவென்று போகும். 417க்கு வந்ததும் பேனா மூடப்படும். ஓர் ஆளைச் சாமானாகப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆக, அவர் அங்கே இருப்பதால் பதவி நிரம்பவில்லை. பதவி நிரம்பாததால் அவர் அங்கே இருந்தார்.

இதில் ஒரு முறை கை கூடி வந்தது. ஐந்தாவதாக வந்த மனோகரன் அவசரக்காரர். பட்டியலை நோட்டுப் புரட்டுகிற மாதிரி புரட்டிக் கையெழுத்திட்டுக்கொண்டே வந்தார். கனிமொழி அன்று லீவு போட்டுவிட்டு வந்து, ஜெகதீசனின் கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "வாயைத் திறக்காதீங்க, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லியிருந்தாள். 400 தாண்டியது. 410 தாண்டியது. 416இல் ஜெகதீசன் தொண்டையைச் செருமினார். "சார், அடுத்த வரியைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க." படிக்காமல் ஒருவர் பொறுப்பேற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க இருபத்திரண்டு வருஷப் பழக்கம் விடவில்லை. மனோகரன் படித்தார். பேனாவை மூடினார். அன்று மாலையே விமானம் ஏறிவிட்டார்.

கனிமொழி துண்டை மடித்தாள். "உங்களுக்கு வீட்டுக்கு வர ஆசையே இல்லை" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு நாற்பது நாள் அவள் வரவில்லை. ஜெகதீசன் அந்த நாற்பது நாளும் ஐந்து மணிக்குப் பெஞ்சின் பாதியைத் துடைத்து வைத்தார். நாற்பத்தொன்றாம் நாள் அவள் வந்து, துடைத்த பாதியில் உட்கார்ந்து, மோட்டார் காயில் மறுபடியும் போய்விட்டது என்றாள்.

டிசம்பர் பெருமழையில் எஸ்டேட் முழுக்க இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, பெஞ்சு அவரோடு மிதந்தது. வராந்தாவை விட்டு இறங்கி, படகு மாதிரி நேராகக் கேட் வரைக்கும் போனது. எத்திராஜ் சுவர் மேல் நின்றுகொண்டு, "போய்டு சார், போய்டு!" என்று கத்தினார். கேட்டுக் கோட்டில் மூக்கை வைத்த பெஞ்சு, நிதானமாகத் திரும்பி வராந்தாவுக்கே வந்து சேர்ந்தது. தண்ணீர் மட்டும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

சாமுண்டீஸ்வரி 2025 ஜூன் 2ஆம் தேதி வந்தார். ஆவடிக்காரர். ரயில் பெட்டிப் பணிமனை ஒன்றின் பண்டகசாலையில் எடுபிடி எழுத்தராகச் சேர்ந்து, முப்பது வருஷத்தில் அதன் தலைமைக்கு வந்தவர். பெங்களூர் நிறுவனம் அவரை அனுப்பவில்லை. பேப்பரில் விளம்பரம் பார்த்து அவரே தபாலில் மனுப் போட்டிருந்தார். நேர்காணலில் தேறி, பட்டியலுக்கு உட்கார்ந்தவர், மூன்று நாள் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானையும் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டார். வியாழக்கிழமை மாலை 417க்கு வந்தார். பெஞ்சின் நான்கு காலையும் ஆட்டிப் பார்த்தார். பிறகு ஜெகதீசனைப் பார்த்தார்.

"ஊட்டுக்குப் போயி எவ்ளோ நாளாச்சு, அண்ணாத்தே?"

"ஆறு வருஷம், ரெண்டு மாசம், எட்டு நாள், மேடம்."

"ஊட்டுல யாரு கீறாங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனிமொழி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

சாமுண்டீஸ்வரி கையெழுத்திட்டார். கேட் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். வெள்ளைத் தாள், போனால் போனதுதான் என்கிற சாமானுக்கு. மஞ்சள் தாள், போய்த் திரும்பி வருகிற சாமானுக்கு. கனிமொழி வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைல போட்டா ஒதவாதுன்னு கண்டம் பண்ணி ஏலம் வுட்டாகணும், அண்ணி. எவனாச்சும் ஏலத்துல எடுத்துகினு போயிட்டான்னா இன்னா பண்ணுவே? மஞ்சள்ல போட்றேன். டெய்லி சாயங்காலம் இட்டுகினு போ. காலைல ஒம்போதரைக்கு கொணாந்து வுட்டுடு."

கனிமொழி யோசித்தாள். ஊரில் வேலைக்குப் போகிற எல்லோரும் அப்படித்தானே என்று அவளுக்குத் தோன்றியது. "சரிங்க" என்றாள்.

பாஸில் "பெஞ்சு ஒன்று (ஆளுடன்)" என்று இருந்ததால் பெஞ்சும் போக வேண்டியிருந்தது. எத்திராஜ் ஒரு குட்டி யானையைக் கூப்பிட்டார். அதன் டிரைவர் டில்லிபாபு பாஸை இரண்டு முறை படித்துவிட்டு, "ஆளு குந்திகினு வரலாமா, இல்ல படுக்கவெச்சு கட்டணுமா?" என்று கேட்டான். குந்தலாம் என்றார்கள். ஜெகதீசனும் கனிமொழியும் பின்பக்கம் பெஞ்சில் உட்கார, வண்டி கேட்டைத் தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. எத்திராஜ் மட்டும் வெளியே ஓடிவந்து, அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து அம்பத்தூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவில் மாலை ஆறு மணி சுமாருக்குப் போகிறவர்கள் அந்த வண்டியைப் பார்க்கலாம். ஃப்ளாட்டின் இரண்டாம் மாடிக்குப் பெஞ்சை டில்லிபாபு ஒரு பக்கமும் ஜெகதீசன் ஒரு பக்கமும் தூக்குகிறார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டால் மணி ஆறேகால் என்று தெரிந்துகொள்கிறார்கள். ஆணையத்துக்கு இன்னும் விமானம் வரவில்லை.

முதல் வாரத்தை மட்டும் சொல்ல வேண்டும். பழைய கணக்கின்படி அந்த வியாழன் இருபத்தெட்டாம் நாள். வெள்ளி, இருபத்தொன்பது, ஜெகதீசனின் கண் தானாகப் பரணுக்குப் போனது. பெட்டி இறங்கவில்லை. சனி, முப்பது, அவர் இரண்டு முறை ஊறுகாய் பாட்டிலைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு வைத்தார். கனிமொழி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஆபீஸ் கிடையாது. வெயில் சமையலறை ஜன்னல் வழியாக வந்து குக்கர் மேல் விழுந்தது. மோட்டார் போட்டார்கள், தண்ணீர் ஏறியது. எதிர் ஃப்ளாட்டுக்காரர் கறிவேப்பிலை கேட்டு வந்தார். கூடத்து மின்விசிறியின் பேரிங் இன்னும் நான்கு மாதம் தாங்கும் என்று ஜெகதீசனுக்குக் கேட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. அவர் பெஞ்சில் நடுவாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனிமொழி முறத்தில் முருங்கைக்கீரையோடு வந்தாள். "நகருங்க, ஆயணும்" என்றாள். அவர் நகர்ந்தார்.