பட்டுத் துணியால் துடைத்த கார்டு

ஐந்து நிமிஷம் என்று சொல்லித்தான் கமலக்கண்ணன் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். அரிசி மில்லில் கணக்கு எழுதுகிற மனுஷன், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த புது கிராபிக்ஸ் கார்டை மாட்டுவதற்கென்றே அன்று லீவு போட்டிருந்தான். அவன் ஆடும் கார் பந்தயத்தில் வளைவு வந்தால் போதும், படம் திக்கித் திக்கி நிற்கும். அதுதான் காரணம். மனைவி ஹேமலதாவிடம் மட்டும், "உன் டிசைனுக்குக் கலரெல்லாம் பளிச்னு தெரியும்" என்று கூசாமல் சொல்லியிருந்தான்.

"சாயங்காலம் அருணாச்சலம் முதலாளி வராருங்க. நாளைக்கு மாட்டக்கூடாதா?" என்றாள் அவள்.

"ஏன் பேஜார் பண்றே? ஜல்தியா முடிச்சிடறேன்."

அந்தப் பெட்டிக்குள்தான் அவளுடைய ஒரு மாத உழைப்பு இருந்தது. முகூர்த்தப் புடவைக்கான முந்தானை டிசைன், கட்டம் கட்டமாக நிரப்பியது. கடைசித் திருத்தத்தைக் காலையில்தான் முடித்திருந்தாள், இன்னும் பிரின்ட் எடுக்கவில்லை. காகிதத்தில் பார்த்துப் பிடித்துவிட்டால் இந்த சீசன் முழுக்க டிசைன் வேலை அவளுக்கே என்று அருணாச்சலம் சொல்லியிருந்தார். இல்லையென்றால் இன்றைக்கே காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறி வேறு ஆளைப் பிடித்துவிடுவார். முள்ளிப்பட்டு கிராமத்தில் அவருடைய தறிகள் காத்துக்கொண்டிருந்தன.

கமலக்கண்ணன் பழைய கார்டைப் பிடுங்கினான். யாருக்காவது விற்கலாமே என்று நன்றாகத் துடைத்தான். அந்த வீட்டில் மூக்குக் கண்ணாடி முதல் சாமி படம் வரை எதைத் துடைப்பதும் பட்டுத் துணியால்தான். தறியில் மிஞ்சிய துண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. அதே துண்டால் புது கார்டையும் மாப்பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோலத் தேய் தேய் என்று தேய்த்தான். மாசி மாதத்து வறண்ட காற்று. கை முடியெல்லாம் எழுந்து நின்றது, விரல் நுனியில் சுரீர் என்றது. இப்படிப்பட்ட நாளில் பட்டு இழை கையோடு ஒட்டிக்கொள்ளும் என்று தறியடியில் தண்ணீர் தெளிக்கிற வீட்டில் பிறந்தவன்தான். ஆனாலும் அந்தச் சுரீரை அவன் சட்டை செய்யவில்லை.

சுவிட்சைப் போட்டான். திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டினான். கறுப்பு. பழைய கார்டையே திரும்பச் செருகினான். அப்போதும் கறுப்புதான். பக்கத்தில் கிடந்த பட்டுத் துண்டைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பட்டில் தேய்த்த தேய்ப்பில் கிளம்பிய மின்சாரத்தால் இரண்டையும் அவனே கொன்றிருக்கிறான்.

கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தான். கடைக்காரர் சரக்கு எடுக்க சென்னைக்குப் போயிருக்கிறாராம், நாளைக்குத்தான் வருவாராம். ஹேமலதா கதவருகே வந்து நின்றாள். மறைக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"அணைச்சிட்டு மறுபடி போடுங்க" என்றாள். போட்டான். பக்கத்து வீட்டு பவர்லூம் சத்தத்துக்கு நடுவே கம்ப்யூட்டர் தொடங்கும்போது வருகிற இசை மெல்லக் கேட்டது.

"உள்ள ஓடிகினுதான் இருக்குது, படம்தான் இல்ல. வேலு அண்ணன்கிட்ட போய்த் தறிய கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. எனக்கு சத்தம் காதுல விழணும்."

ஓடும் தறியை நிறுத்தச் சொல்லி யாரும் யார் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டார்கள். கமலக்கண்ணன் மிதித்தான். "கம்ப்யூட்டர் சத்தம் கேக்கணும்ணா" என்றவனை வேலு ஏற இறங்கப் பார்த்தார். என்ன தோன்றியதோ, நிறுத்தினார்.

திரும்பி வந்தபோது ஹேமலதா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டில் தட்டினாள். டங் என்று மணி அடித்தது.

"தப்பு" என்றாள். முதலிலிருந்து தொடங்கினாள். புரோகிராமைத் திறக்க ஒரு தட்டு, டிசைனின் பெயர், என்டர். ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் தலையைச் சாய்த்து, உள்ளே டிஸ்க் கரகரக்கிறதா என்று கேட்டாள். கமலக்கண்ணன் மூச்சுவிடப் பயந்து நின்றான். வாசலில் பைக் நிற்கும் சத்தம். அருணாச்சலம்தான். அவள் திரும்பவில்லை. கடைசியாக, பிரின்டுக்கு ஒரு முறை என்டரைத் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு பிரின்டர் கர்ர் என்றது. காகிதம் நகர்ந்தது. முந்தானையின் முதல் மயில், கொண்டையிலிருந்து தொடங்கிக் கட்டம் கட்டமாக இறங்கியது. கமலக்கண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்படி ஹேமா? பாக்காமலே எல்லாம் மனப்பாடமா?"

"நீங்க ஆட்டத்த நிறுத்திட்டு சாப்பிட எழுந்து போற நேரத்துலதான் எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் கெடைக்குது. மௌஸப் புடிச்சித் தேடிகினு இருந்தா ஆவுமா?" என்றாள் அவள், காகிதத்தைக் கிழியாமல் பிடித்தபடி.

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. வாசலில் அருணாச்சலம், "டிசைன் ரெடியாபா?" என்று அவனைத்தான் கேட்டார், எப்போதும் போல.

"அவங்கள கேளுங்க" என்று கமலக்கண்ணன் வழிவிட்டு நின்றான்.