மூன்று அங்குலச் சரிவு

எங்கள் வீட்டு மாடியறையின் மரத்தளம் தெற்குப் பக்கமாக மூன்று அங்குலம் சரிந்திருந்தது. அந்தச் சரிவில்தான் என் மனைவி அமிர்தவல்லி வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த மறு வாரம் மகள் அக்சாவோடு கோயம்புத்தூர் போனவள், இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டால், "பாப்போம்" என்பாள்.

தளத்தைச் சரிசெய்தால் வந்துவிடுவாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வேறென்ன காரணம் இருக்க முடியும்? எனக்கு முன்கோபம் உண்டு. அது ராஜபாளையத்தில் யாருக்குத்தான் இல்லை!

தங்கச்சாமி ஆசாரி வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தளத்தைத் தாங்கும் உத்திரத்தின் ஒரு நுனி சுவருக்குள் உளுத்துப்போயிருந்தது. உத்திரத்தைத் தூக்கி நிறுத்தி, உளுத்த பகுதியை அறுத்துவிட்டு வேறு கட்டை சேர்க்க வேண்டும் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டை இடித்த இடத்தில் நல்ல தேக்கு கிடைத்தது. கீழறையில் ஜாக்கியை நிறுத்தி, ஒரு நாளைக்கு அரைச் சுற்று ஏற்றினார். அரையே அரைச் சுற்று! அதற்குள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

"ஏன் ஆசாரி, ஒரே மூச்சுல தூக்குனா என்ன?"

"எம்புட்டு வருசமா சாஞ்ச மரம் அய்யா. மெதுவாத்தான் நிமிரும். அவசரப்பட்டா சொவரு பொளந்துரும்."

எனக்கு அத்தனை பொறுமை ஏது? கிறிஸ்துமஸுக்கு அமிர்தம் இங்கே இருக்க வேண்டும். தனியாகக் கோயிலுக்குப் போய், தனியாகப் பிரியாணிப் பொட்டலம் வாங்கித் தின்று, இரண்டு கிறிஸ்துமஸ் கழிந்தது போதும். மூன்றாம் நாள் ஆசாரி போனதும் நானே ஜாக்கியை நாலு சுற்றுச் சுற்றினேன். மாடியில் படீரென்று சத்தம். ஒரே ஓட்டமாக ஏறிப் பார்த்தால், ஜன்னலுக்கு மேலே சுவர் வெடித்துக் காரை கொட்டிக் கிடந்தது.

மறுநாள் ஆசாரி என்னைத் திட்டவில்லை. ஜாக்கியை இறக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரம் வேலை முடிந்தது. குமிழி ரசமட்டத்தின் நட்டநடுவில் நின்றதை வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு, அந்தத் தளத்தில் நின்றபடியே அவளைக் கூப்பிட்டேன்.

"அமிர்தம், தளம் நேராயிருச்சு. இனி பயமில்ல. எப்ப வார?"



"தளத்துக்குப் பயந்தா நான் வந்தேன்? விழுந்து கெடந்து உங்களத்தான் கூப்பிட்டேன். 'பாத்து நடக்கத் தெரியாதா'ன்னு கீழ இருந்தே கத்துனிய. அடுத்த வீட்டுக் கருத்தம்மா வந்துதான் தூக்குனா. நீங்க மேல வரவே இல்ல."

கத்தியது எனக்கு ஞாபகம் இருந்தது. ஏறிப் போகாதது ஞாபகத்தில் இல்லை. அவளே எழுந்துகொள்வாள் என்று நினைத்திருப்பேன்.

"சாப்டியளா?" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. "தனியா இருக்கிய. பாத்து நடங்க." போனை வைத்துவிட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை.